தோளின் பின்பக்கம்

அந்த ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவன் நான்தான். ‘சுப்ராஸ்பினேட்டஸ் தசைநாணில் பகுதிக் கிழிசல்’ என்று எழுதும்போதே, அது கிழிசல்தானா என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. இருந்தும் எழுதினேன்.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேனுக்கு வந்த பையன் கல்லூரி வாலிபால் அணியில் ஸ்மாஷ் அடிப்பவன். வலது தோள் வலிக்கிறது, அடியில் பழைய வேகம் இல்லை என்றான். கூடவே அவனுடைய கோச். வெளியே கர்ப்பிணிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவசரத்தில் பனியனைக் கழற்றச் சொல்லவில்லை. தோளிலிருந்து ஒதுக்கிவிட்டால் போதும் என்றேன். கையைப் பின்பாக்கெட்டில் வைக்கச் சொன்னேன். அப்படி வைத்தால்தான் மேலெலும்புக்கு அடியில் மறைந்திருக்கும் தசைநாண் முன்னால் வரும். ஜெல் தடவிப் புரோபை வைத்ததும், தசைநாண் எலும்பில் ஒட்டுகிற இடத்தில் ஒரு கறுப்புத் திட்டு.

நல்ல தசைநாண் திரையில் வெண்மையாக, நார்நாராகத் தெரியும். ஒலியலை அதன்மேல் செங்குத்தாக விழ வேண்டும், அவ்வளவுதான். கொஞ்சம் சாய்ந்தாலும் அலை வேறு பக்கம் தெறித்துவிடும். பழுதில்லாத நாரே கறுத்து, கிழிந்தாற்போலத் தெரியும். அனைசோட்ரோபி என்பார்கள். புரோபைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். திட்டு மறைந்தால் அது பொய். நீளவாட்டில் தெரிவது குறுக்குவாட்டிலும் தெரிந்தால்தான் கிழிசல் என்று எழுதலாம். படிக்கும்போது முதலில் சொல்லித்தருகிற பாடம் இது.

சாய்த்தேன். திட்டு பாதிக்கு மேல் வெளுத்தது. குறுக்கே வைத்தேன். உறுதியாக ஒன்றும் தெரியவில்லை. திரும்பவும் நீளவாட்டுக்கே வந்து, நன்றாகக் கறுத்துத் தெரிந்த இடத்தில் படத்தை நிறுத்திப் பிரிண்ட் எடுத்தேன்.

“ஏதாச்சும் தெரியுதா, டாக்டர்?” என்று கோச் என் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். காசு கட்டி வந்தவர்களை ஒன்றுமில்லை என்று அனுப்ப எனக்கு எப்போதுமே கூச்சம். ஒன்றும் கண்டுபிடிக்காவிட்டால் என் திறமைக்குத்தான் குறைச்சல் என்கிற அற்பப் புத்தி. திரையில் விரல் வைத்து, “இதோ பாருங்க, இங்கதான்” என்றேன்.

அது நிஜக் கிழிசலாகவே இருந்திருந்தாலும், வலிக்கு அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. 2003-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், தலைக்கு மேல் கையோங்கி ஆடுகிற, வலியே இல்லாத 20 வீரர்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். 8 பேருக்கு ஆடும் கையின் தோளில் பகுதியாகவோ முழுதாகவோ கிழிசல். மறுதோளில் ஒருவருக்கும் இல்லை. 5 ஆண்டு கழித்து விசாரித்தபோதும் அவர்களுக்குத் தோளில் தொந்தரவு இல்லை. இந்த ஆய்வை ஜூனியர்களுக்கு எடுத்துச் சொல்லிப் பேர் வாங்கியவன் நான்.

என் ரிப்போர்ட்டை நம்பி அவனை ஓய்வில் உட்காரவைத்தார்கள். அந்த வருஷ மாநில அணித் தேர்வுக்கு அவனால் போக முடியவில்லை. வலியும் குறையவில்லை. பிறகு ஓர் எலும்பு மருத்துவர் பனியனைக் கழற்றச் சொல்லி, முதுகைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். வலது தோள்பட்டை எலும்பின் மேட்டுக்குக் கீழே சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. அங்கே இருக்க வேண்டியது இன்ஃப்ராஸ்பினேட்டஸ் தசை. அதற்குப் போகும் நரம்பு எலும்பின் ஒரு வளைவைச் சுற்றித் திரும்புகிறது. ஸ்மாஷ் அடிப்பவர்களுக்கு அந்த இடத்தில்தான் நரம்பு அடிபடும். வாலிபால் ஆடுபவன் என்றாலே தோளின் பின்பக்கத்தைப் பார்த்தாக வேண்டும். எம்.ஆர்.ஐ.யில் அந்த வளைவில் ஒரு நீர்க்கட்டி, நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது.

கோச் போன் செய்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை. “உங்க ஸ்கேன்ல ஏன் சார் இது தெரியல?” என்று மட்டும் கேட்டார். “அல்ட்ராசவுண்டுக்கு ஒரு எல்லை இருக்குங்க, எல்லாம் அதுல தெரியாது” என்றேன். பொதுவாக அது உண்மைதான். மூட்டுக் கிண்ணத்தின் விளிம்புக் குருத்தெலும்பை அதில் முழுதாகப் பார்க்க முடியாது. ஆனால் இந்தக் கட்டிக்கும் வற்றிய தசைக்கும் அந்தச் சாக்கு பொருந்தாது. பையனைத் திருப்பி உட்காரவைத்து, புரோபைப் பின்பக்கம் வைத்து, இடது தோளோடு ஒப்பிட்டிருந்தால் தசை மெலிந்து வெளுத்திருப்பது தெரிந்திருக்கும். கட்டியும் பெரும்பாலும் சிக்கியிருக்கும். சேமித்த படங்களைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். பின்பக்கத்துப் படம் ஒன்றுகூட இல்லை.

தப்பாகப் படித்தது ஒரு குற்றம். அதை மெஷின் தலையில் கட்டியது அதைவிடப் பெரிய குற்றம். மெஷினில் குறையில்லை, நான்தான் பார்க்கவில்லை என்று அன்று அந்தப் போனிலேயே சொல்லியிருக்க வேண்டும்.