எச்சமும் முற்றும்

தமிழிலக்கணம் வினையை எச்சம் என்றும் முற்று என்றும் பகுத்துக் காட்டுகிறது. 'வந்த' என்பது ஒரு பெயரையும், 'வந்து' என்பது ஒரு வினையையும் வேண்டி நிற்கும். 'வந்தான்' என்றபின் எதிர்பார்க்க ஏதுமில்லை. ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்குச் செல்லும் கோப்புக்கோ இத்தகைய விகுதி கிடையாது. பாதி வந்த கோப்பும் முழுதும் வந்த கோப்பும் கோப்புறையில் ஒரே பெயருடன் நிற்கும்.

இதனால் விளையும் கேடு சிறிதன்று. பழைய நூல்களைப் படமெடுத்துப் பாதுகாக்கும் நிறுவனம் ஒன்றின் பணியை நாம் அருகிருந்து கண்டோம். பக்கப் படங்கள் வேறோர் அறையிலிருந்த சேமிப்புக் கணினிக்கு அனுப்பப்பட்டன. அங்கே இயங்கிய ஷெல் நிரல், புதிய பெயர் தோன்றிய கணமே அதனைக் களஞ்சியத்திற்குப் படியெடுத்துவிட்டு, வந்த கோப்பை நீக்கிவிடும். அனுப்பிய கணினியிலும் வாரந்தோறும் இடம் காலிசெய்யப்பட்டது. பின்னர்த் திறந்து பார்த்தபோது, சில பக்கங்களில் மேற்பாதி எழுத்தும் கீழ்ப்பாதி சாம்பல் நிறமுமே எஞ்சியிருந்தன. தொட்டால் உதிரும் அந்நூலை மீண்டும் விரிக்க எவரும் துணியவில்லை.

(ஷெல் என்பதை 'ஓடு' எனப் பெயர்த்தால் ஓட்டமா, ஆமையின் ஓடா என்னும் ஐயம் எழுகிறது, ஆதலின் அச்சொல்லை அப்படியே ஆள்கிறோம்.)

கோப்பு வந்து முடிந்ததா என அறியப் பலரும் முதலில் நாடுவது அளவை ஒப்பிடும் முறையாகும். கோப்பின் அளவைக் குறித்துக்கொண்டு, 'ஸ்லீப்' கட்டளையால் 10 நொடி காத்திருந்து, மீண்டும் அளந்து, இரண்டும் ஒன்றாயின் முடிந்தது எனக் கொள்வர். இணைப்பு 15 நொடி தயங்கினால் இம்முறை பொய்த்துவிடும். காத்திருக்கும் நேரத்தைக் கூட்டுவது ஐயத்தைக் குறைக்குமேயன்றி நீக்காது. 'எல்எஸ்ஓஎஃப்', 'ஃப்யூசர்' ஆகிய கட்டளைகள் கோப்பை எந்நிரலேனும் திறந்து வைத்திருக்கிறதா எனக் காட்டும். 2005இல் லினக்ஸ் கருவில் சேர்ந்த 'ஐநோட்டிஃபை', எழுதத் திறந்த கோப்பு மூடப்படும் கணத்தையே அறிவிக்கும்.

இதுவே போதுமே எனத் தோன்றும். போதாது. கோப்பு மூடப்படுவது வேறு, முழுமை பெறுவது வேறு. 1971இல் அபய் பூஷண் என்னும் இந்தியர் முதன்முதலில் வரைந்த எஃப்.டி.பி. நெறிமுறையை எடுத்துக்கொள்வோம். அதன் வழக்கமான முறையில் தரவு இணைப்பை மூடுவதே கோப்பின் முடிவுக்கு அடையாளம். நடுவே இணைப்பு அறுந்தாலும் பெறும் கணினி கோப்பை மூடத்தான் செய்யும். எல்லாம் சென்றதா என்பதை உறுதியாக அறிந்திருப்பது அனுப்புபவர் பக்கமே; வெற்றியாயின் 226 என்னும் விடையெண்ணும் அவருக்கே வருகிறது.

ஆகவே அனுப்புபவரே முற்றுவிகுதி இடவேண்டும் என்பது நம் கருத்து. தற்காலிகப் பெயரில் அனுப்பி, அனுப்பும் கட்டளை வெற்றியைக் குறிக்கும் 0 என்னும் எண்ணுடன் முடிந்த பின்னரே உரிய பெயருக்கு மாற்றவேண்டும். ஒரே கோப்பு முறைமைக்குள் பெயர்மாற்றம் பாதியில் நிற்பதில்லை: பழைய பெயர் இருக்கும், அல்லது புதிய பெயர் இருக்கும். வேறொரு வட்டுக்கு நகர்த்தினாலோ 'எம்வி' கட்டளை படியெடுக்கத் தொடங்கிவிடும். பழைய சிக்கல் மீண்டும் நுழைந்துவிடும். 1996இல் வெளிவந்த 'ஆர்சிங்க்' இப்பெயர்மாற்றத்தை இயல்பாகவே செய்கிறது. புள்ளியில் தொடங்கும் மறைபெயரில் எழுதி, நிறைவில் பெயரை மாற்றும். நட்சத்திரக் குறியிட்டுக் கோப்புகளைத் தேடும் நிரலின் கண்ணுக்கு அம்மறைபெயர் புலப்படாது.

நாம் கண்ட நிறுவனத்தில் இப்போது 'ஆர்சிங்க்' வழியே படங்கள் செல்கின்றன. இருபுறமும் 'ஷா256சம்' கட்டளையால் சரிபார்ப்புத் தொகை கணக்கிட்டு ஒப்பிடுகின்றனர். பொருந்தாத பக்கங்களின் பட்டியல் மறுநாட்காலை பொறுப்பாளரின் மேசைக்கு வருகிறது. அது தீரும்வரை மூலப்படம் எதுவும் அழிக்கப்படுவதில்லை.