ஹெட்ஃபோன் பார்க்கும் படலம்

மொதல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்திடுறேன் மக்களே, அப்புறம் மேட்டருக்கு வர்றேன்.

எங்க ஊரு மேல்மலையனூர். அமாவாசை ராத்திரி அங்காளம்மன் ஊஞ்சல் பார்க்க வர்ற கூட்டத்துல நீங்களும் ஒருதடவை நசுங்கியிருக்கலாம். அப்பா அங்க மைக் செட் வச்சிருந்தார். கோயிலுக்கு இல்லீங்க, அது பெரிய ஆளுங்க சமாச்சாரம். வளத்தி, அவலூர்பேட்டைன்னு சுத்துப்பட்டுல நடக்குற கல்யாணம், காதுகுத்து, கூழ் வார்த்தல் எல்லாத்துக்கும் போவார். புளியமரத்து உச்சியில ரெண்டு குழாய் ஸ்பீக்கரைக் கட்டிட்டு, கீழ ஆம்ப்ளிஃபயர் பக்கத்துல என்னைய உக்கார வச்சிடுவார். கேசட் மாத்துறது ஐயா டிபார்ட்மெண்ட் :-)

1993-ல திருடா திருடா, ஜென்டில்மேன். 1994-ல காதலன். நாடா தேயத் தேயப் போட்டிருக்கேன். ரஹ்மான் பாட்டு அத்தனையும் எனக்குத் தண்ணிபட்ட பாடுன்னு ஒரு நெனப்பு. அப்புறம் காலேஜ் படிக்க மெட்ராஸ் போனேன். ஹாஸ்டல்ல ரூம்மேட் அவனோட வாக்மேன் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு 'முக்காலா'வைப் போட்டான். பக்குன்னு ஆயிடுச்சு. அடியில யாரோ தூண் மாதிரி ஒரு பேஸை நட்டு வச்சிருக்காங்க! நூறு தடவை போட்ட பாட்டுல இது எங்கடா இருந்துச்சு?

பின்னாடிதான் காரணம் புரிஞ்சுது. 50 ஹெர்ட்ஸ் சத்தத்தோட அலை நீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். குழாய் ஸ்பீக்கரோட வாய் அகலம் ரெண்டடி இருந்தா அதிகம். அவ்ளோ பெரிய அலையை அந்த வாயால துப்ப முடியாது. மனுஷக் குரலை நாலு வயக்காடு தாண்டி அனுப்பத்தான் அதைச் செஞ்சாங்க, அந்த வேலையை அது கச்சிதமா பண்ணும். மூணு வருஷமா நான் ஊருக்கெல்லாம் பாதிப் பாட்டைத்தான் போட்டிருக்கேன். அவ்வ்வ்வ்.

சரி, மேட்டர். போன வருஷம் எலக்ட்ரானிக் பாட்டு கேக்க நல்லதா ஒரு ஹெட்ஃபோன் வாங்கணும்னு ரிச்சி தெருவுக்குப் போனேன். எனக்கு ஒரே ஒரு கண்டிஷன்தான்: சவுண்டைக் கம்மியா வச்சாலும் பாட்டு முழுசா கேக்கணும். ஏன்னா சின்ன வயசுல ஸ்பீக்கருக்குக் கீழயே குடியிருந்த புண்ணியத்துல எனக்கு இடது காதுல ராத்திரியானா 'ஙொய்ங்'னு ஒரு விசில் கேக்குது.

கடைக்காரத் தம்பி எடுத்த எடுப்புலயே பேஸ் தூக்கலான ஒண்ணை நீட்டினார். "டெக்னோ பாட்டுக்கு இதாண்ணே செட்டாகும்". மாட்டினா மண்டை அதிருது, நல்லாத்தான் இருந்துச்சு. வாங்கிட்டு வந்துட்டேன். ரெண்டு நாள்ல சாயம் வெளுத்துப்போச்சு. இந்த வகைப் பாட்டுல பேஸ் ஏற்கெனவே வேணுங்கிற அளவுக்கு இருக்கு. அதுக்கு மேல ஹெட்ஃபோனும் தன் பங்குக்கு அள்ளிக் கொட்டினா, ஒவ்வொரு அடியும் அடுத்த அடி மேல வழியுது. மனோவும் ஸ்வர்ணலதாவும் கெணத்துக்குள்ள இருந்து பாடுறாங்க. குரல் கேக்கணும்னு சவுண்டை ஏத்துவோம். ஏத்தினா பேஸும் கூடவே ஏறும். எனக்கு இது வேலைக்கு ஆவாது.

அடுத்து, திறந்த வகை. 1984-லேர்ந்து கிட்டத்தட்ட அதே உருவத்துல வர்ற காஸ் போர்ட்டா ப்ரோவை ஒரு நண்பர் இரவல் கொடுத்தார். வீட்டுக்குள்ள உக்காந்து கேட்டா அருமை, சாமி. ஆனா நான் பாட்டு கேக்குறதே பஸ்ஸுலதான். திண்டிவனம் தாண்டி செஞ்சி ரோட்டுல நம்ம பஸ் இன்ஜின் போடுற உறுமலும் பேஸ்தானே, அது பாட்டோட பேஸை அப்படியே முழுங்கிடும். திரும்பவும் சவுண்டை ஏத்தணும். ஸ்டூடியோ ஆளுங்க கொண்டாடுற சோனி 7506-ஐயும் (1991-ல வந்தது) மாட்டிப் பார்த்தேன். அடி ஒவ்வொண்ணும் தனித்தனியா, சுத்தமா விழுது. ஆனா மேல் சத்தம் என் காதுக்கு ஊசி. சிந்தசைசர்ல போட்ட ஜல்ஜல் எல்லாம் குத்துது.

கடைசில படிஞ்சது ஆடியோ டெக்னிகா எம்50எக்ஸ். மூடின வகை, வெளிச்சத்தத்தைக் கொஞ்சம் தடுக்குது. பேஸ் ஒரு சிட்டிகை தூக்கல். அந்தச் சிட்டிகை எனக்கு வேணும், ஏன்னா சவுண்டைக் கொறைக்கக் கொறைக்க நம்ம காது மொதல்ல விட்டுடுறது பேஸைத்தான். 38 ஓம்ஸ்தான்ங்கிறதால ஃபோனே இழுத்துடும். ஃபோன்ல ஓட்டை இல்லாதவங்க ஒரு குட்டி மாத்தி வாங்கிக்கணும். ஒண்ணு சொல்ல மறந்துட்டேனே, கண்ணாடி போட்டவங்க பேஸ் பத்தலைன்னு கம்பெனியைத் திட்டுறதுக்கு முன்னாடி கண்ணாடியைக் கழட்டிட்டு ஒருதடவை கேளுங்க. அந்தக் கம்பி இடுக்குலயே பாதி ஒழுகிடும். காதுக்குள்ள சொருகுற வகைக்கும் இதே கதைதான், ரப்பர் சைஸ் சரியில்லைன்னா பேஸ் இருக்காது.

எவ்ளோ நேரம் கேக்கலாம்? உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி, பெரியவங்களுக்கு 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம். 90-க்கு ஏத்தினா 4 மணி நேரந்தான். மீட்டரே இல்லாத காலத்துல அப்பா முப்பது வருஷம் அந்தத் தொழிலைப் பார்த்திருக்கார்.

திருவண்ணாமலையில அவருக்குக் காது டெஸ்ட் எடுத்தோம். கோடு நேரா போயிட்டே இருந்து, 4000 ஹெர்ட்ஸ் பக்கம் வந்ததும் பள்ளத்துல விழுற மாதிரி விழுந்திருந்துச்சு. சத்தத்தால போற காது அங்கதான் மொதல்ல போகுமாம். அதனால ச, த மாதிரி எழுத்தெல்லாம் அவருக்கு நழுவிடுது. பேத்தி ஃபோன்ல பேசினா, "கொழந்த முழுங்கி முழுங்கிப் பேசுது, என்னன்னு பாரு"ம்பார். நாங்க யாரும் பதில் சொல்றதில்ல. மெஷின் வாங்கிக் கொடுத்தோம், பொட்டியிலயே தூங்குது.

போன மாசி மயானக் கொள்ளைக்கு ஊருக்குப் போயிருந்தேன். தெருவுல பம்பை அடிச்சுட்டுப் போறாங்க. அப்பா திண்ணையில உக்காந்து தொடையில தாளம் போட்டுட்டிருந்தார். பம்பையோட அந்த அடிச்சத்தம் அவருக்கு இன்னும் நல்லாவே கேக்குதுங்க! கூட்டம் கலைஞ்சதும் என் ஹெட்ஃபோனை அவர் தலையில மாட்டி 'முக்காலா'வைப் போட்டேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம், காதுல மாட்டினவங்க எல்லாரும் கத்துற மாதிரி கத்தினார்:

"ஏன்டா, இந்தப் பாட்டுல இந்த அடியெல்லாம் இருந்துச்சா?"

"இருந்துச்சுப்பா. நம்ம குழாய்ல வரல."

மறுபடியும் போடச் சொன்னார். மூணு தடவை கேட்டார். நாலாவது தடவை, "சவுண்டு பத்தல, ஏத்துடா"ன்னார். நான் ஏத்துற மாதிரி ஃபோனை ரெண்டு தட்டு தட்டிட்டு அப்படியே விட்டுட்டேன்.

"ஆங், இப்ப சரி"ன்னு கண்ணை மூடிக்கிட்டார்.