101 தோல்வி... அப்புறம் ஒரு கோப்பை!

சிகாகோ கப்ஸ்னு சொன்னாலே, '108 வருஷத்துக்கு அப்புறம் 2016-ல ஜெயிச்ச பேஸ்பால் டீமாச்சே'ன்னுதான் எல்லாரும் ஆரம்பிப்பாங்க. எனக்கு என்னவோ, அவங்க செம உதை வாங்கின 2012 சீசன்தான் பிடிக்கும்!

2011 அக்டோபர்ல தியோ எப்ஸ்டீன்கிட்ட டீம் நிர்வாகத்தைக் கொடுத்தாங்க. ஆள் லேசுப்பட்டவர் இல்லை. 28 வயசுலேயே பாஸ்டன் ரெட் சாக்ஸ் ஜெனரல் மேனேஜர். 86 வருஷமா கோப்பையே பார்க்காத அந்த டீமை 2004-ல ஜெயிக்க வெச்சவர். சிகாகோ ரசிகர்களுக்கு ஒரே குஷி. ஆனா, முதல் சீசன் ரிசல்ட்? 162 மேட்ச்ல 61 வெற்றி, 101 தோல்வி!

மார்க் ஷீட்டை மட்டும் பார்த்தா ஃபெயில்தான். ஆனா, அதே வருஷம் ஜனவரியில சான் டியாகோகிட்டேயிருந்து அந்தோணி ரிஸோவை வாங்கினாங்க. ஜூலையில சீனியர் பிட்சர் ரயன் டெம்ப்ஸ்டரை டெக்சாஸுக்கு அனுப்பிட்டு, மேஜர் லீக்ல ஒரு பந்துகூடப் போடாத கைல் ஹெண்ட்ரிக்ஸைக் கூட்டிட்டு வந்தாங்க. கடைசியிலேர்ந்து ரெண்டாவதா வந்த புண்ணியத்துல, 2013 டிராஃப்ட்ல ரெண்டாவது சான்ஸ். சிக்கினது கிரிஸ் பிரையன்ட்!

2016 இறுதிப் போட்டி, 7-வது மேட்ச். முதல்ல பந்து போட்டது ஹெண்ட்ரிக்ஸ். பிரையன்ட் எறிய, ரிஸோ பிடிக்க... கடைசி அவுட். கோப்பை!

சூப்பர்ல? ஆனா, ஒரு உறுத்தல். 2012, 2013 ரெண்டு வருஷமும் களத்துல டீமை நடத்தின டேல் ஸ்வேமை, 2013 சீசன் முடிஞ்சதுமே அனுப்பிட்டாங்க. எப்ஸ்டீனுக்கோ அஞ்சு வருஷ ஒப்பந்தம். 'பொறுமையா இருங்க'ன்னு சொல்றவருக்குக் கிடைக்கிற டைம், கூட நிக்கிறவங்களுக்குக் கிடைக்கிறதில்லை.

இதை ஏன் சொல்றேன்னா, இந்த வருஷம் எங்க டிபார்ட்மென்ட் வாலிபால் டீமுக்கு நான்தான் கேப்டன். ஃபைனல் இயர் அண்ணன்கள் ரெண்டு பேரை உட்கார வெச்சுட்டு, ஃபர்ஸ்ட் இயர் பசங்களை இறக்கப்போறேன். ரெண்டு வருஷத்துல டீம் சும்மா மிரட்டும், சந்தேகமே இல்லை. ஆனா, அந்த அண்ணன்களுக்கு 'அடுத்த வருஷம்'னு ஒண்ணு கிடையாதே!

நோட்டீஸ் போர்டுல பேர் இல்லாததைப் பார்த்து அவங்க தெரிஞ்சுக்கக் கூடாது. நானே ரூமுக்குப் போய் காரணத்தைச் சொல்லப்போறேன். 101 தோல்வியைத் தாங்குற தில் நமக்கு இருக்கோ இல்லையோ, ரெண்டு பேர் முகத்தைப் பார்த்துப் பேசுற தில்லாவது வேணும்ல?