ஒரே நூறு பேர்

கணக்கு என்றால் காத தூரம் ஓடுகிறவன் நான். ஆனாலும் நாமக்கல்லில் புள்ளியியல் கற்பிக்கும் நண்பர் ஒருவர் சொன்ன விஷயம் கதை எழுதுகிறவனுக்கும் வேண்டியது என்று படுகிறது.

1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. நாமக்கல்லும் அப்போது அந்த ஜில்லாதான். அந்தச் சமயத்தில் ஒருவர் கிராமங்களுக்குப் போய், 100 பேரிடம் இரண்டு கேள்விகள் கேட்டதாக வைத்துக்கொள்ளச் சொன்னார் நண்பர். “மதுவிலக்கால் ஊருக்கு நன்மையா?” “உங்கள் வீட்டுக்கு நன்மையா?” முதலாவதற்கு 70 பேர் ஆம் என்கிறார்கள், இரண்டாவதற்கு 60 பேர். இந்த வித்தியாசம் நிஜமா, தற்செயலா?

கார்ல் பியர்சன் 1900-இல் வகுத்த கை-வர்க்கச் சோதனையில் இந்த எண்களைப் போட்டால் 2.2 வருகிறது. 3.84-ஐத் தாண்டினால்தான் பொருட்படுத்துவது வழக்கம். அவசரக்காரர் ‘வித்தியாசம் இல்லை’ என்று தாளை மடித்துவிடுவார். ஆனால் அந்தக் கணக்கு, இரண்டு தனித்தனிக் கூட்டங்களைக் கேட்டதாக அல்லவா எண்ணிக்கொள்கிறது! இங்கே இரண்டுக்கும் பதில் சொன்னவர்கள் ஒரே 100 பேர்.

இரண்டுக்கும் ஆம் என்றவர்கள் 55, இல்லை என்றவர்கள் 25 என்று இருக்கட்டும். அவர்களை விட்டுவிடலாம். ஊருக்கு நன்மை, வீட்டுக்கு இல்லை என்றவர்கள் 15. மாற்றிச் சொன்னவர்கள் 5. மக்நெமர் என்பவர் 1947-இல் காட்டிய வழி இதுதான்: 15-இல் 5 போனால் 10, அதன் வர்க்கம் 100, அதை 20-ஆல் வகுத்தால் 5. எல்லையைத் தாண்டிவிட்டது!

எனக்கு அந்த 15 பேர்மேல்தான் கண். கள் இறக்கிப் பிழைத்தவன் வீட்டுக்காரி ஒருத்தி அதில் இருந்திருப்பாள். “ஊரு நல்லாத்தானுங்க இருக்குது, எங்க ஊட்டுலதான் அடுப்பு எரியலீங்க” என்றிருப்பாள். அந்த 5 பேரில் ஒருத்திக்கோ, ஊர் எப்படிப் போனாலென்ன, புருஷன் கூலி முழுசாக வீட்டுக்கு வந்திருக்கும். காரணத்தைச் சோதனை சொல்லாது. திரும்பப் போய்த்தான் கேட்க வேண்டும். எந்த வீடு என்று தெரிய, ஒவ்வொருவர் சொன்ன இரண்டு பதிலையும் ஒரே வரியில் எழுதி வைத்திருக்க வேண்டும். 70, 60 என்று கூட்டுத்தொகையை மட்டும் குறித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டால், அப்புறம் பியர்சனும் உதவமாட்டார், மக்நெமரும் உதவமாட்டார்.