புலி வருஷத்துப் பாப்பாக்கள்

சிங்கப்பூர் போறீங்களா? முஸ்தபாவில் சாக்லேட்டும் சென்ட்டும் அள்ளின கையோட ஒரு சாயங்காலத்தை மிச்சம் பிடிங்க. சிட்டி ஹால் எம்.ஆர்.டி. ஸ்டேஷனில் இறங்கிக் கொஞ்சம் நடந்தா, விக்டோரியா தெருவில் 'சைம்ஸ்' வந்துடும். கலர் விளக்கு, ரெஸ்டாரன்ட், பாட்டுன்னு இடம் களை கட்டியிருக்கும். 'இதுல என்ன விசேஷம்?'னு திரும்பிடாதீங்க. இது 1983 வரைக்கும் பெண்கள் பள்ளிக்கூடம்!

'கான்வென்ட் ஆஃப் த ஹோலி இன்ஃபன்ட் ஜீசஸ்' என்ற பெயரின் முதலெழுத்துகளை வெச்சுத்தான் 'சைம்ஸ்'. உள்ளே வயசில் மூத்தது கால்டுவெல் ஹவுஸ். 1840-41ல் ஒரு கோர்ட் கிளார்க்குக்காக ஜார்ஜ் கோல்மன் கட்டின வீடு. முகப்பில் அரைவட்டமாப் புடைச்சுக்கிட்டு நிக்கிற அழகைக் கொஞ்ச நேரம் ரசிக்கலாம். 1854ல் கன்னியாஸ்திரிகள் வந்து இங்கேதான் பாடம் நடத்த ஆரம்பிச்சாங்க.

அப்புறம் அந்த வெள்ளை சேப்பல்... 1904ல் கட்டி முடிச்சது. வரைஞ்சவர் ஃபாதர் நைன் என்ற பாதிரியார். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வைக்கிற கோதிக் கோபுரம், பெல்ஜியத்தில் செஞ்சு வந்த வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். தூண்களின் தலைப்பகுதியைக் கட்டாயம் உத்துப் பாருங்க. மொத்தம் 648. இலை, பூ, பறவைன்னு வெப்பமண்டலத்துச் சமாசாரங்களைச் செதுக்கி வெச்சிருக்காங்க. ஐரோப்பியச் சட்டைக்கு நம்ம பக்கத்து பட்டன்! இப்போ இது கல்யாண மண்டபம். 2018ல் வந்த 'கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்' படத்தின் கல்யாண சீன் எடுத்தது இங்கேதான்.

எல்லோரும் சேப்பல் முன்னாடி போட்டோ எடுத்துட்டுக் கிளம்பிடறாங்க. நீங்க விக்டோரியா தெரு ஓரமா இருக்கிற ஒரு சின்ன வாசலைத் தேடுங்க. 'கேட் ஆஃப் ஹோப்'னு பேரு. பள்ளியோடு சேர்ந்து ஓர் அநாதை இல்லமும் இங்கே இருந்தது. வளர்க்க வழியில்லாதவங்க பச்சைக் குழந்தைகளை இந்த வாசலில் விட்டுட்டுப் போவாங்க. அதில் பெண் குழந்தைகள் அதிகம். வறுமை ஒரு காரணம். இன்னொண்ணு, சீனப் பஞ்சாங்கத்தில் புலி வருஷத்தில் பிறந்த பெண் வீட்டுக்கு ஆகாதுங்கிற நம்பிக்கை. மூல நட்சத்திரப் பொண்ணுன்னா மாமனாருக்கு ஆகாதுன்னு நம்ம ஊரில் சொல்றாங்களே, அதே ரகம்! விட்டுட்டுப் போன அம்மாக்கள் திரும்பித் திரும்பிப் பார்த்திருக்க மாட்டாங்களா? உள்ளே போன பாப்பாக்கள் கன்னியாஸ்திரிகளிடம் வளர்ந்தாங்க.

1983ல் பள்ளி தோ பாயோவுக்கு மாறிடுச்சு. சேப்பலையும் கால்டுவெல் ஹவுஸையும் 1990ல் தேசியச் சின்னமா அறிவிச்சாங்க. பழுது பார்த்து, 1996ல் ரெஸ்டாரன்ட் வளாகமாத் திறந்தாங்க. 2002ல் யுனெஸ்கோ விருதுகூட கிடைச்சது. வகுப்பு நடந்த இடத்தில் பீர் கிளாஸைப் பார்த்தா எனக்கு என்னவோ மாதிரிதான் இருக்கு. ஆனாலும் இடிச்சுத் தள்ளி இன்னொரு மால் கட்டாம விட்டாங்களே, அதுக்கு ஒரு சலாம்!

வளாகத்தைச் சுத்திப் பார்க்கக் காசு கிடையாது. கல்யாணம் நடக்கிற நாளில் மட்டும் மண்டபத்துக்குள் எட்டிப் பார்ப்பது கஷ்டம். அந்தச் சின்ன வாசல் தெருவைப் பார்த்தே இருக்கு, எப்பவும் பார்க்கலாம். பக்கத்தில் ஒரு பலகை வெச்சிருக்காங்க, நின்னு படிங்க.