கோட்டைச் சுவரின் நிழலில்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

என் ஊர் பசுமலை. எங்கள் மலையே ஒரு போரின் நினைவுச் சின்னந்தான் என்பார் என் பாட்டி. மதுரையை அழிக்கச் சமணர் ஏவிய மாயப்பசு, சொக்கநாதரின் நந்தியைக் கண்டு மலையாய்ச் சாய்ந்து விட்டதாம்! அறிவியல் பயிலும் நான் அதை நம்புவதில்லை. ஆயினும் கேட்கக் கேட்க அலுத்ததுமில்லை. நான் சொல்ல வந்தது கதையில் வரும் போரையன்று, மதுரை மண்ணில் நடந்த போரை.

என் தந்தையார் பெரியார் பேருந்து நிலையத்திற்கு அருகே, மேலவெளி வீதிப் பக்கம் மூட்டை சுமப்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். உண்மையைச் சொல்வதானால், நண்பர்களோடு அந்த வழியே போகும் நாட்களில் எதிர்ப்பக்கம் பார்த்துக் கொண்டே நடந்திருக்கிறேன். அப்பா அதைக் கண்டிருப்பார். ஒரு நாளும் கேட்டதில்லை.

சென்ற ஆண்டு விடுமுறையில் ஒரு நாள் அம்மா கொடுத்தனுப்பிய சோற்றுத் தூக்குடன் அவரைத் தேடிச் சென்றேன். பழைய கற்சுவர் ஒன்றின் நிழலில், தலைச்சும்மாட்டை மடியில் வைத்தபடி அமர்ந்திருந்தார். அருகே ஒரு பலகை.

"இதுல என்ன எழுதியிருக்கு? படி, கேப்போம்" என்றார்.

நான் திடுக்கிட்டேன். முப்பது ஆண்டுகளாக அந்த நிழலில் உண்டு வருபவர். அவருக்கு ஒருவரும் அதைப் படித்துக் காட்டவில்லை; நானும்தான்! மதுரைக் கோட்டையின் மேற்கு வாசலில் எஞ்சிய பகுதி அது என்று படித்தேன்.

"கோட்டையா? அப்ப, கான்சாயபு சண்டை போட்டது இங்கதானா? எங்க ஆத்தா சொல்லும். தூக்குல போட்டப்ப கயிறு ரெண்டு தடவை அறுந்து போச்சாம்."

இப்போது விழித்தவன் நான். எழுத்தறியாத அவருக்குக் கதை தெரிந்திருந்தது. எழுத்தறிந்த எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

மறுவாரம் நூலகத்தில் தேடினேன். கான்சாகிபு என்னும் யூசுப்கான், மருதநாயகம் என்ற பெயரில் பனையூரில் பிறந்தவர் என்பர். கம்பெனிப் படையில் சிப்பாய்களின் தளபதியாகப் புகழ் பெற்று, 1759-இல் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் ஆளுநரானார். பின்னர் ஆர்க்காட்டு நவாபுடனும் கம்பெனியுடனும் பகை மூண்டது. 1763-இல் தொடங்கிய முற்றுகை மழையால் கைவிடப்பட்டது. மறு ஆண்டு ஜூன் 26-இல் மேஜர் கேம்பெல்லின் படை கோட்டையின் மேல் பாய்ந்து, பெருஞ்சேதத்துடன் பின்வாங்கியது. பீரங்கியால் முடியாததைப் பசி செய்தது. உணவு வழிகளை அடைத்தார்கள். உள்ளிருந்தவர்களே அவரைக் கட்டிப் பகைவரிடம் ஒப்படைத்தார்கள். 1764 அக்டோபர் 15-ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். உடலைத் துண்டாக்கிப் பல ஊர்களுக்கு அனுப்பினார்களாம். இறந்தவரிடமும் அத்தனை அச்சம்! இவரை வீரர் என்பாரும் உண்டு, கம்பெனிக்காகப் பாளையக்காரர்களை ஒடுக்கியவர் என்பாரும் உண்டு. இரண்டும் உண்மை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அவர் அடக்கமான இடம் சம்மட்டிபுரத்தில் இருக்கிறது. அங்கே 1808-இல் எழுந்த சிறு பள்ளிவாசலுக்கு அப்பாவையும் அழைத்துச் சென்றேன். பழங்காநத்தம், காளவாசல் வழியே நடந்தே போனோம். பேருந்துக்குக் காசு கொடுப்பது அவருக்குப் பிடிக்காது. செருப்பைக் கழற்றிவிட்டு வெகுநேரம் நின்றார்.

திரும்பும்போது, கோட்டை எப்படிப் போயிற்று என்று கேட்டார். போரில் விழாத கோட்டை, 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில், நகரம் விரிவடைய இடிக்கப்பட்டது. மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பவருக்கு அந்த நிலத்திலேயே மனை கிடைத்தது. அகழி இருந்த இடந்தான் இன்றைய வெளி வீதிகள். அந்தப் பணியில் ஈடுபட்ட மாரட், பெருமாள் மேஸ்திரி ஆகியோரின் பெயரில் வீதிகள் இருக்கின்றன. பிளாக்பர்னுக்கு விளக்குத்தூண் இருக்கிறது.

அப்பா சிறிது தூரம் பேசாமல் நடந்தார்.

"அவ்வளவு கல்லையும் சுமந்தது யாரு?"

நான் புரட்டிய நூல்களில் அதற்கு விடை இல்லை. இல்லை என்றேன். "இருக்காது" என்றார், கோபமே இல்லாமல்.

அடுத்த வாரம் நான் சோறு கொண்டு சென்றபோது நிழலில் அவருடன் இன்னும் நால்வர் அமர்ந்திருந்தனர். தெருவில் என் வகுப்புத் தோழர் இருவர் போய்க் கொண்டிருந்தனர். அப்பா அவர்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தோழர்களைக் கைதட்டி அழைத்தேன்.

"எங்க அப்பா" என்றேன்.

அவர் நகர்ந்து அமர்ந்து அவர்களுக்கு நிழலில் இடம் விட்டார். "தம்பி, இவங்களுக்கும் அந்தப் பலகையப் படிச்சுக் காட்டு" என்றார்.