சக்கர நாற்காலிக்கும் ஒரு வழி வேண்டும்

கோப்பாய் என்றதும் நம்மிற் பலருக்கு ஆசிரிய கலாசாலை நினைவுக்கு வரும். தேசிய கல்வியியற் கல்லூரி, பிரதேச செயலகம், வைத்தியசாலை என்பனவும் இங்கேதான் உள்ளன. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதி ஊரை ஊடறுத்துப் போகிறது. ஒருபுறம் வாழையும் புகையிலையும் விளையும் செம்மண்; கிழக்கே கைதடிப் பக்கம் போனால் தரவையும் கடனீரேரியும். நடந்து போகிறவருக்கு இது பார்க்க அழகான ஊர். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு முதலிற் கண்ணிற் படுவன வேறு: படலையடிக் கட்டு, ஒழுங்கையில் பெயர்ந்து கிடக்கும் கல், மூடியில்லாத வாய்க்கால்.

இந்த வீதிகளுக்கு ஒரு நினைவும் உண்டு. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கிப் புறப்பட்டபோது, நாவற்குழிப் பாலத்தாலும் கோப்பாய் - கைதடி வீதியாலுமே கடந்து போனார்கள். நடக்க முடியாத முதியோரையும் நோயாளரையும் சைக்கிளில் இருத்தி உருட்டியதையும், கதிரையோடு தூக்கிச் சென்றதையும் எங்கள் தாய்மார் இன்றும் சொல்வார்கள். ஆபத்து வந்த நாளில் அவர்களையும் கூட்டிக்கொண்டு போன சமூகம் இது. ஆபத்தில்லாத நாளில் அவர்களை வீட்டில் விட்டுவிட்டுப் போவது ஏன் என்பதே என் கேள்வி.

எனது பணியில் நான் அடிக்கடி சந்திக்கும் அக்கா ஒருவர் 2009இல் வன்னியில் எறிகணைச் சிதறல் முள்ளந்தண்டில் பட்டு, இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தவர். உறவினரோடு கோப்பாயில் வசிக்கிறார். ஒருநாள் அவர் சொன்னார்: "பிள்ளை, ஆசுப்பத்திரிக்கும் கந்தோருக்கும் போய்ப் போய் அலுத்துப் போச்சு. ஒருக்கா நிலாவரையைப் பார்க்க வேணும்."

வீட்டில் உடனே எழுந்த கேள்வி, "இந்த நிலைமையில் உனக்கு அங்கே என்ன அலுவல்?" என்பதுதான். மருந்தெடுக்கப் போவதென்றால் முச்சக்கர வண்டிக்குக் காசு தேடிக் கொடுக்கும் அதே குடும்பம், மனமகிழ்ச்சிக்குப் போவதென்றால் தயங்குகிறது. பெண் என்றால் தயக்கம் இரட்டிப்பாகிறது. அவரைத் தூக்கி ஏற்றுவது யார், வேற்று ஆண்கள் தொடலாமா, ஊர் என்ன சொல்லும் என்றெல்லாம் பேச்சு எழுகிறது.

பஸ்ஸில் போவது இயலாது. அதன் உயரமான படியும் ஒடுங்கிய வாசலும் சக்கர நாற்காலிக்கானவை அல்ல. ஆகவே முச்சக்கர வண்டி பிடித்தோம். அக்காவின் மச்சாளும் நானுமாக அவரை ஆசனத்துக்கு மாற்றி, நாற்காலியை மடித்துப் பின்னால் வைத்தோம். பஸ் கட்டணத்தைப் போலப் பலமடங்கு செலவு. வருமானம் குறைந்தவருக்கே பயணம் அதிக விலையாகிறது.

இன்னொரு தடையைப் பற்றி நாம் வெளியில் பேசுவதில்லை. அது மலசலகூடம். வெளியே போகும் நாளில் அக்கா காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டார். பல சகோதரிகள் இப்படித்தான் செய்கிறார்கள். இதனாற் சிறுநீர்த் தொற்று ஏற்படலாம். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவருக்கு அது பாரதூரமானது. தண்ணீரை நிறுத்தாமல், போகும் வழியில் நாற்காலி நுழையக்கூடிய மலசலகூடம் உள்ள வீட்டையோ நிலையத்தையோ முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். நீண்ட நேரம் இருப்பவர் 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை கைகளை ஊன்றி உடலைச் சற்று உயர்த்தினால், அல்லது பக்கம் சாய்ந்து பாரத்தை மாற்றினால் அழுத்தப் புண் வருவதைத் தடுக்கலாம்.

நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணறு மேலே நன்னீராகவும், ஆழம் செல்லச் செல்ல உவர்நீராகவும் இருப்பது. இராமபிரான் அம்பினால் உண்டாக்கியது என்பது ஐதீகம். நீரைத் தொடப் படியிறங்க வேண்டும். அக்கா மேலேயே இருந்து வெகுநேரம் பார்த்தார். மச்சாள் இறங்கிப் போய்ப் போத்தலில் நீர் கொண்டுவந்து அவர் கையில் ஊற்றினாள். "சின்னனில் அப்பாவோட வந்தனான்" என்றார். அன்று அவர் வேறொன்றும் கேட்கவில்லை.

இது தயவினால் கிடைக்க வேண்டிய ஒன்றல்ல. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கிறது. பொதுக் கட்டடங்களில் அணுகும் வசதி இருக்க வேண்டுமென 2006இல் ஒழுங்குவிதிகள் வந்தன. 2011 ஏப்ரல் 27இல் உயர் நீதிமன்றமும் அதனை வலியுறுத்தியது. ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. ஆயினும் சாய்தளம் என்ற பெயரில் செங்குத்தாகச் சீமெந்து பூசிய கட்டடங்களை நான் கண்டிருக்கிறேன். ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பதே அளவு. ஆறு அங்குலப் படிகள் மூன்று இருந்தால் 18 அடி நீளம் வேண்டும். அதைவிடக் குறைந்தால் தள்ளுபவருக்கும் இருப்பவருக்கும் ஆபத்து.

சகோதரிகளே, உங்கள் மாதர் சங்கம், சனசமூக நிலையம், கோயில் மண்டபம் ஆகியவற்றின் வாசலை ஒருமுறை அளந்து பாருங்கள். புதிதாகக் கட்டும்போதே சாய்தளத்தையும் அகலமான கதவையும் கேளுங்கள். யாரையும் மாற்றி ஏற்றுமுன் பிறேக்கைப் போட்டு, கால் தட்டை உயர்த்தி, அவரிடம் சொல்லிவிட்டுத் தூக்குங்கள். கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். கட்டிலிருந்து இறக்கும்போது நாற்காலியைப் பின்பக்கமாக இறக்குங்கள்.

அடுத்த திருவிழாவுக்கோ கலியாணத்துக்கோ புறப்படும்போது, வீட்டில் இருப்பவரிடம் "நீங்களும் வாறீங்களோ?" என்று கேளுங்கள். வருகிறேன் என்று அவர் சொன்னால், அதற்கேற்ற வண்டியையும் நேரத்தையும் முதலிலேயே ஒழுங்கு செய்யுங்கள்.